தடைக்காலத்து மோட்டார்: வன்னிப் பெருநிலப்பரப்பில் பழைய வாகனங்களும் திருத்துவோர் உழைப்பும்

வன்னிப் பெருநிலப்பரப்பைப் பற்றி இதுவரை எழுந்துள்ள வரலாறுகள் பெரும்பாலும் குளத்தையும் காட்டையும் வன்னிபங்களையும் பொருளாகக் கொண்டவை. 1895இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டக் கைந்நூல் தொடக்கம் அண்மைக்கால எழுத்துக்கள்வரை இப்போக்கினைக் காணலாம். உற்பத்திக் கருவிகளைப் பற்றிப் பேசுமிடத்தும் கலப்பையும் வண்டிலுமே பேசப்படுகின்றன. அக்கருவிகள் பழுதுபட்டபோது அவற்றைத் திருத்தியவர் யாவர், எந்த அறிவைக் கொண்டு திருத்தினர், அவ்வுழைப்பின் பயனை அனுபவித்தவர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. படைப்பிலக்கியமும் இதற்கு விலக்கன்று. முல்லைத்தீவுப் பகுதியைக் களமாகக் கொண்ட அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ (1973) முதலாய நாவல்கள் காட்டோடு போராடும் கமக்காரனை நமக்குக் காட்டின. கமக்காரனின் உழவு இயந்திரம் சேற்றில் நின்றுவிட்டபோது அதனடியிற் படுத்தவனை நமது நாவலாசிரியர் இன்னும் பொருட்படுத்தவில்லை.

1990 தொடக்கம் 2002வரை நீடித்த பொருளாதாரத் தடைக்காலத்தில், வடபகுதியிலும் வன்னியிலும் முப்பது நாற்பது ஆண்டு வயதுடைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இது பலரும் அறிந்த செய்தி. புலம்பெயர்ந்தோர் நினைவுக் குறிப்புகளிலே இச்செய்தி இன்று ஓர் அதிசயக் கதையாகவும், சில வேளைகளில் நகைச்சுவைத் துணுக்காகவும், பெரும்பாலும் இனத்தின் தனித்திறமைக்குச் சான்றாகவும் கூறப்படுகின்றது. அதிசயமாகக் கூறப்படும் எதுவும் வரலாற்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுவிடும். அக்கார்கள் ஏன் ஓடின, எவ்வாறு ஓடின, யாருக்காக ஓடின என்பவற்றை அவற்றின் சமூகப் பகைப்புலத்தில் வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அக்கார்கள் வந்த வழி. இலங்கையில் மோட்டார் வாகனத்தின் வரலாறு பெருந்தோட்டப் பொருளாதார வரலாற்றின் ஓர் இயலேயாகும். தேயிலையும் இறப்பரும் ஈட்டிய அந்நியச் செலாவணியே, குறிப்பாக 1950–51 கொரிய யுத்தகால இறப்பர் விலையேற்றமே, கொழும்புத் துறைமுகத்தில் ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர், பின்னர் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் முதலிய கார்களை இறக்கியது. அச்செலாவணியை உழைத்துத் தந்த மலையகத் தொழிலாளர் 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டனர். 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்தினின்றும் துரத்தப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கூலி விவசாயிகளாகக் குடியேறிய அதே மக்களின் அருகே, அவர்தம் பெற்றோர் பாட்டாளர் உழைப்பால் வாங்கப்பட்ட கார்கள் பிற்காலத்தில் செம்மண் தெருக்களிலே ஓடின. அவர்கள் நடந்து சென்றனர்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டன. புதிய கார் அரிதாயிற்று. 1970–77 காலத்தில் அக்கட்டுப்பாடு மேலும் இறுகிற்று. இதன் விளைவு நமது ஆய்வுக்கு முக்கியமானது. பணக்கார நாடுகளில் பத்தாண்டுக்குள் பழைய இரும்பாகிவிடும் ஒரு கார், இலங்கையில் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லும் முதுசொம் ஆயிற்று. காரின் ஆயுள் நீண்டபோது கராஜ் என்னும் நிறுவனமும் வளர்ந்தது. சிலிண்டரைக் கடைந்து பெருப்பித்துப் பெரிய பிஸ்ரன் இடுதல், தேய்ந்த அச்சினை லேத்தில் இட்டுச் சீராக்குதல், ஒடிந்த வில்லைக் கொல்லன் உலையிற் காய்ச்சி வளைத்தல் ஆகியன சாதாரணத் தொழில்களாயின. எனவே தடைக்காலத்துத் திருத்தும் திறன் 1990இல் திடீரென முளைத்ததன்று. அது மூடிய பொருளாதாரக் காலத்தின் பேறு. தேசிய முதலாளித்துவக் கொள்கையைத் தூற்றுவதையே இன்று பொருளியல் அறிவாகக் கொண்டிருப்போர் இதனை மனங்கொள்ளல் நன்று.

1977இன் திறந்த பொருளாதாரம் யப்பானிய வாகனங்களைக் கொண்டுவந்தது. பழைய பிரித்தானியக் கார்களின் விலை வீழ்ந்தது. மார்க்ஸ் ‘மூலதன’த்தின் முதலாம் பாகத்தில் (1867) இயந்திரங்களைப் பற்றிக் கூறுமிடத்து, அவை உழைப்பதாலும் கிடந்து துருப்பிடிப்பதாலும் தேய்வதோடு, வேறொரு வகையான தேய்மானத்துக்கும் உள்ளாகின்றன என்பார். அதே இயந்திரத்தை மலிவாக ஆக்க முடிந்தபோதோ, சிறந்த இயந்திரம் சந்தைக்கு வந்தபோதோ, ஓட்டத்தில் எக்குறையுமில்லாத பழைய இயந்திரமும் பெறுமதியை இழக்கின்றது. தார்மிகத் தேய்மானம் என அது குறிக்கப்படும். 1977க்குப் பின் ஒஸ்ரினுக்கும் மொறிசுக்கும் நேர்ந்தது இதுவே. அவை வழக்கறிஞர், வைத்தியர் வீடுகளை விட்டுக் கீழிறங்கி, சந்தி தோறும் நிற்கும் வாடகைக் கார்களாயின.

வன்னியில் திருத்தும் தொழிலுக்குத் தோற்றுவாயாக அமைந்தது காரன்று, உழவு இயந்திரமே. இரணைமடுக்குள நீர்ப்பாசனத்தின் கீழ் 1930களிலிருந்து நிகழ்ந்த குடியேற்றங்களும், பின்வந்த மத்தியதர வர்க்கக் காணித் திட்டங்களும் பரந்த நெல்வயல்களை உண்டாக்கின. அவ்வயல்களுக்கு மாடு போதவில்லை. பெர்குசன் உழவு இயந்திரமும், பின்னர் ‘லாண்ட்மாஸ்ரர்’ எனப் பொதுப்பெயர் பெற்ற இருசில்லு உழவு இயந்திரமும் வந்தன. லாண்ட்மாஸ்ரர் என்பது ஒரு பிரித்தானியத் தயாரிப்பின் பெயர். யப்பானியக் கருவிக்கும் அப்பெயரே நின்றுவிட்டது. விதைப்புக் காலத்தில் ஓர் இயந்திரம் ஒரு கிழமை நின்றால் ஒரு போகம் நட்டமாகும். ஆதலின் கிளிநொச்சியின் கராஜ்கள் காலத்தோடு போராடும் கராஜ்களாக வளர்ந்தன.

மண்ணெண்ணெய் பற்றிய அறிவும் இவ்வழியே வந்ததாகும். பெற்றோலிற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுதல் என்பது வன்னியிற் கண்டுபிடிக்கப்பட்டதன்று. 1946–56 காலத்தில் இங்கிலாந்தின் கொவென்றியில் உற்பத்தியான சிறிய பெர்குசன் உழவு இயந்திரத்தில், மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய ஒருவகை எண்ணெயில் ஓடும் மாதிரி ஒன்று 1949 தொடக்கம் விற்கப்பட்டது. விளக்கெண்ணெயிலேயே ஓடும் மாதிரியொன்றும் ஏற்றுமதிக்கென ஆக்கப்பட்டது. பிரித்தானியக் கமக்காரன் பெற்றோலுக்கு வரி செலுத்த விரும்பாதவன். ஏற்றுமதி நாடுகளின் கமக்காரனுக்குப் பெற்றோலே கிடைப்பதில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளிலும் நீரிறைக்கும் எஞ்சின்கள் பல்லாண்டுகளாகப் பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடின. துலா மிதித்த கிராமம் அவ்வெஞ்சினைக் கையாளக் கற்றுக்கொண்டபோதே, நாற்பதாண்டுக்குப் பின்னர் காரை ஓட்டுவதற்கான பாடத்தையும் கற்றுக்கொண்டது. முதலாளித்துவம் தனது மையத்திற் கைவிட்ட ஒரு தொழில்நுட்பக் கட்டத்தை அதன் விளிம்பு மீட்டெடுத்தது என்பதே சரியான கூற்று. அசமத்துவ வளர்ச்சி என நாம் குறிப்பிடும் நிகழ்ச்சிக்கு இதைவிட எளிய உதாரணம் கிடைத்தலரிது.

1990 யூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியது. வடபகுதிக்கான மின்சாரம் நின்றது. புகையிரதம் வவுனியாவுடன் நின்றது. வவுனியா நகரம் அரசின் வசமிருக்க, அதற்கு வடக்கே தாண்டிக்குளம் எல்லையாயிற்று. எரிபொருள், பற்றறி, சீமெந்து, இரும்பு, உரம், வாகன உதிரிப்பாகம் முதலியன அவ்வெல்லையைத் தாண்டுதல் தடை செய்யப்பட்டது. மண்ணெண்ணெய் மாத்திரம் வீட்டு எரிபொருள் என்ற வகையில் அளவுகட்டி அனுமதிக்கப்பட்டது. சோதனைச் சாவடியிலே ஒரு சைக்கிள் ரியூப்பும் இராணுவப் பொருளாகக் கருதப்பட்ட காலமது.

அத்தடை ஒரு பொருளியல் அதிசயத்தை நிகழ்த்திற்று. தார்மிகத் தேய்மானம் நின்றது. புதியது வர முடியாதவிடத்துப் பழையது பழையதாக முடியாது. மட்டுமன்றி, புதிய கார் தன் நுணுக்கத்தாலேயே முடங்கிற்று. பழைய கார் தன் எளிமையாலேயே எழுந்தது. மொறிஸ் மைனரின் எஸ். யு. காபரேற்றரில் எரிபொருட்கலவையைக் கையாலேயே ஒரு சுரையைத் திருப்பி மாற்றலாம். அன்றைய பிரித்தானியக் கார்களுக்கு முன்புறத்தில் இரும்புத் தண்டைச் செருகிச் சுற்றிக் கிளப்பும் வசதியிருந்தது. பற்றறி செத்தாலும் கார் சாவதில்லை. இயந்திரம் வார்ப்பிரும்பாலானது, மீண்டும் மீண்டும் கடையலாம். அமுக்க விகிதம் குறைந்தது. தாழ்ந்த தர எரிபொருளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கேம்பிரிட்ஜ், ஒக்ஸ்போர்ட் என்னும் இருவேறு பெயருடைய கார்களுக்கும் ஒரே ‘பி’ வரிசை எஞ்சின் இடப்பட்டிருந்தமையால் ஒன்றன் உறுப்பு மற்றதற்குப் பொருந்தியது. ஒக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாசடர் கார் இந்தியாவில் 2014வரை ஆக்கப்பட்டமையால், தடைக்கு முந்திய காலத்தில் இந்திய உதிரிப்பாகங்களும் கொழும்பு வழியே கிடைத்திருந்தன. தடை வந்தபோது கராஜ்களின் மூலைகளிற் கிடந்தவை இவையே.

இனி, மண்ணெண்ணெயில் ஓட்டுதல் எவ்வாறு என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஏனெனில் கதை சொல்வோர் இவ்விடத்தை ஒரு வாக்கியத்திற் கடந்துவிடுகின்றனர். பெற்றோல் குளிர்ந்த நிலையிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஆவியாக வெப்பம் வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்குள் புகும் மண்ணெண்ணெய் துளியாகவே நின்று பிளக்கை நனைக்கும்; தீப்பொறி எழாது. ஆகவே சிறு போத்தலில் உயிர்போற் காக்கப்பட்ட பெற்றோலிலிருந்து சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டுக் காரைத் தள்ளியோ தண்டைச் சுற்றியோ கிளப்புவர். சூடேறியதும் மண்ணெண்ணெய் தொடரும். இடையில் நின்றுவிட்டால் அத்துளிகள் மீண்டும் வேண்டும். எனவே நோயாளியை இறக்கும்போதும் எஞ்சின் உறுமிக்கொண்டே நிற்கும். புகைபோக்கிக் குழாயின் வெப்பத்தை உட்செல்லும் காற்றுக்கு ஊட்டுதல், கலவையைத் தடிப்பாக்குதல், தீப்பொறி எழும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்தல் என்பன மண்ணெண்ணெய் எஞ்சின்களின் பொது இலக்கணம். இவற்றைத் தவறவிட்டால் சிலிண்டருக்குள் ‘டக் டக்’ என்ற தட்டொலி எழும். அவ்வொலியைக் கேட்டும் மேட்டிலே வேகமாக ஓட்டுபவன் பிஸ்ரனை உடைப்பான்.

ஆனால் மண்ணெண்ணெயின் உண்மையான விலை பின்னர்தான் அறவிடப்பட்டது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் றிங்குகளின் இடைவெளியால் வழிந்து கீழேயுள்ள எண்ணெய்த் தொட்டியிற் சேரும். அளவுகோலை இழுத்துப் பார்க்கும் உரிமையாளன், எண்ணெய் குறையவில்லை, கூடியிருக்கின்றதென மகிழ்வான். திருத்துவோன் அதனைக் கண்டு அஞ்சுவான். எண்ணெய் நீர்த்துவிட்டது, வழுக்கும் தன்மை போயிற்று, தண்டைத் தாங்கும் வெண்ணுலோகப் பட்டைகள் தேயத் தொடங்கிவிட்டன என்பதே அதன் பொருள். அவ்வெண்ணெயை அடிக்கடி மாற்றல் வேண்டும். மாற்றுவதற்குப் புதிய எண்ணெயில்லை. றிங்கு தேயத் தேய மண்ணெண்ணெய் மேலும் வழியும். வழிய வழிய றிங்கு மேலும் தேயும். எஞ்சின் தன்னையே உண்டு ஓடியது எனலாம். பிளக்குகளில் கரி படியும். அவற்றைக் கழற்றிச் சுரண்டித் தீய்த்து மீள இடுதல் நாளாந்தக் கடமையாயிற்று. பிறேக்கின் நிலையும் இதுவே. அதற்குரிய திரவம் தீர்ந்தபோது கையிலுள்ள எண்ணெயை ஊற்றிவிட முடியாது. இயந்திர எண்ணெய் பட்டால் அன்றைய பிறேக்குகளின் இயற்கை இறப்பர் வளையங்கள் வீங்கிக் கெடும். இரசாயனம் படியாத ஒரு தொழிலாளி இதனை அறிந்திருந்தான். அவ்வறிவு அவனுக்கு எந்தச் சான்றிதழையும் தரவில்லை.

உதிரிப்பாகம் இல்லாதவிடத்து ஒரு காரே இன்னொரு காருக்கு உதிரிப்பாகமாயிற்று. மூன்று கார்களில் இரண்டை வாழவைக்க ஒன்று சாகும். ‘மூலதன’த்தின் இரண்டாம் பாகத்தில் (ஏங்கெல்ஸ் 1885இல் வெளியிட்டது) மார்க்ஸ் நிலை மூலதனத்தின் பேணலையும் திருத்தத்தையும் புகையிரதப் பாதைகளை உதாரணமாகக் கொண்டு ஆராய்கிறார். எதுவரை திருத்தம், எங்கிருந்து மாற்றீடு என்னும் எல்லைக்கோடு நெகிழ்ந்தது என்பது அவர் அங்கே காட்டும் உண்மைகளிலொன்று. தடைக்கால வன்னியில் அக்கோடு முற்றாகவே அழிந்தது. ஒரு கேம்பிரிட்ஜின் உடலில் ஒக்ஸ்போர்டின் எஞ்சினும் வேறொன்றன் அச்சும் இருக்குமாயின் அது எந்தக் கார்? பதிவுப் புத்தகம் ஒரு விடை கூறும். திருத்தியவன் வேறு விடை கூறுவான். அதே இயலில் மார்க்ஸ் இன்னொன்றையும் காட்டுவார்: தொழிற்சாலையிலே இயந்திரங்களைத் துடைத்துப் பேணும் வேலையைத் தொழிலாளர் தம் ஓய்வு நேரத்திற் கூலியின்றிச் செய்கின்றனர். இப்பகுதியைப் படிக்கும்போது கராஜ்களிற் கரியைச் சுரண்டிய கைப்பொடியன்கள் என் நினைவுக்கு வராமலில்லை.

கைப்பொடியன் என்பவன் யார்? யுத்தமும் இடப்பெயர்வும் பள்ளியிலிருந்து வெளியே தள்ளிய சிறுவன். மோட்டார்த் திருத்தம் எந்தச் சாதிக்கும் குலத்தொழிலாக விதிக்கப்பட்டதன்று; ஆதலின் அது பல சாதியினருக்கும் திறந்த வாயிலாக இருந்தது. உலைக்களத்துக் கொல்லனின் பரம்பரை அறிவும் கராஜின் புதிய அறிவும் அங்கே சந்தித்தன. இது முற்போக்கான அம்சமேயாகும். ஆயினும் வாயில் திறந்திருந்தமையால் உள்ளே சமத்துவம் நிலவியது என முடிபுகட்டலாகாது. வேலை பழகுதல் என்ற பெயரால் சோற்றுக்கும் தேநீருக்கும் உழைப்பு வாங்கப்பட்டது. மேலும், இத்தொழிலின் அறிவு எழுத்திற் பதிவுறவில்லை. கண்ணாற் கண்டு, காதாற் கேட்டு, விரலாற் தொட்டு அறிந்த அறிவு அது. அறிந்தவன் ஷெல்லடியில் மடிந்தபோது அதுவும் மடிந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் இடம்பெயர்ந்தது. 1996இல் தென்மராட்சியிலிருந்தும் பெருந்தொகையினர் கிளாலிக் கடனீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். யாழ்ப்பாணத்து லேத் தொழிலாளரும் திருத்துவோரும் அவர்களுட் பலராவர். கைக்கு அடங்கிய கருவிகளே அவர்தம் மூலதனம். 1996 செப்ரெம்பரில் கிளிநொச்சி வீழ்ந்ததும் நகரம் நகர்ந்தது. மல்லாவியும் புதுக்குடியிருப்பும் நகரங்களாயின. தென்னோலைக் கொட்டிலும் ஒரு மரக்கொம்பும் கராஜாவதற்குப் போதுமானவை. அக்கொம்பிலே சங்கிலியிட்டு எஞ்சினைத் தூக்குவர். லேத் இருந்தவிடத்து அதனைச் சுழற்றுவதற்கே ஓர் எஞ்சின் வேண்டியிருந்தது, அவ்வெஞ்சினுக்கு எண்ணெய் வேண்டியிருந்தது. திருத்துவதற்கு எரிபொருளும் எரிபொருளைச் சிக்கனமாக்கத் திருத்தமும் ஒன்றையொன்று வேண்டி நின்ற முரண்பாடு இது. 1997 மே மாதம் தொடங்கிய ஜயசிக்குறு நடவடிக்கை கண்டி வீதியைப் போர்முனையாக்கியபோது, போக்குவரத்து முழுவதும் மக்கித் தெருக்களிலும் காட்டுப் பாதைகளிலும் தங்கிற்று. மாரியில் அவை சேறாகும். கோடையில் புழுதி காபரேற்றருக்குள் புகும். வில்லொடியாத நாளில்லை.

இவ்விடத்தே, கதை சொல்வோர் கேட்காத வினாவைக் கேட்டேயாக வேண்டும். காரில் எரிந்த மண்ணெண்ணெய் எங்கிருந்து வந்தது? அது விளக்கின் எண்ணெய். மின்சாரம் இல்லாத அந்நாளில் போத்தலொன்றுக்குள் பஞ்சை இட்டுச் சிறிதளவு மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த ‘சிக்கன விளக்கு’ ஒவ்வொரு வீட்டினதும் வெளிச்சமாயிருந்தது. பரீட்சைக்குப் படித்த மாணவரும் பிரசவம் பார்த்த மருத்துவிச்சியும் அதனடியில் இருந்தனர். ஒரு கார் ஒரு மணி நேரத்திற் குடிக்கும் மண்ணெண்ணெய் அவ்வாறான ஒரு வீட்டுக்குப் பல இரவுகளின் வெளிச்சமாகும். பங்கீட்டில் வந்த எண்ணெயை ஏழைக் குடும்பம் விற்றது. விற்றதற்குக் காரணம் இருளை விரும்பியதன்று, அரிசி இல்லாமையே. வாங்கியவன் காருடையவன். இவ்வாறாக அரசின் தடை எல்லோர்மீதும் ஒரே சட்டமாக விழுந்தபோதிலும், அதன் சுமை வர்க்கத்துக்கு வர்க்கம் வேறாக இறங்கிற்று. ‘நாம் எல்லோரும் ஒன்றாகத் துன்பப்பட்டோம்’ என்னும் தேசியவாத நினைவு இந்த வேறுபாட்டின்மீதே போர்வையை விரிக்கின்றது.

இதனைக் கூறுவது காரோட்டியைக் குற்றவாளியாக்குவதற்கன்று. அக்காரிலே சென்றவர் பெரும்பாலும் பலர் கூடி வாடகை பகிர்ந்தோர். பாம்பு கடித்தவர், பிள்ளைத்தாய்ச்சி, ஷெல் துண்டு பட்டவர். மக்களின் வாகனம் சைக்கிளே. அதற்கு ஆகாத நிலையில் மட்டுமே கார் அழைக்கப்பட்டது. ஓர் அம்புலன்ஸ் செய்யவேண்டியதை ஒரு 1958ஆம் ஆண்டுக் கேம்பிரிட்ஜ் செய்தது என்பதைப் பாராட்டுவதோடு, அதை அக்கார் செய்ய நேர்ந்தமைக்குப் பொறுப்பானோரைச் சுட்டுதலும் வரலாற்றாசிரியன் கடன். பட்டினியையும் இருளையும் யுத்தக் கருவியாக்கியது அரசு. தடைக்குள் எஞ்சிய எரிபொருளிலும் போக்குவரத்திலும் முதல் உரிமை கொண்டு, எஞ்சியவற்றின்மீது வரியும் விதித்தது விடுதலைப் புலிகள் இயக்கம். இருவருக்குமிடையே எஞ்சியதை வைத்து ஓட்டியது மக்கள்.

கியூபாவின் பழைய அமெரிக்கக் கார்களை இவற்றுடன் ஒப்பிடுவோர் உளர். 1960களின் தொடக்கத்தில் விதிக்கப்பட்ட அமெரிக்கத் தடையால் அங்கும் பழைய கார்கள் நீடித்தன. ஆயினும் ஒப்புமை ஓரளவே செல்லும். கியூபாவுக்குச் சோவியத் யூனியனிலிருந்து எரிபொருளும் எஞ்சினும் வந்தன. செவ்ரொலேயின் உடலுக்குள் சோவியத் இதயம் துடித்தது. வன்னிக்கு அத்தகைய தோழன் இருந்ததில்லை.

2002 பெப்ரவரி 22இல் போர்நிறுத்த உடன்படிக்கை ஒப்பமிடப்பட்டது. தடைகள் அவ்வாண்டின் தொடக்கத்திலேயே தளர்ந்தன. கண்டி வீதி திறந்தது. சில மாதங்களுக்குள் யப்பானிய வான்களும் இந்திய மோட்டார் சைக்கிள்களும் கிளிநொச்சியை நிறைத்தன. பன்னிரண்டாண்டுகள் தடுத்து வைக்கப்பட்டிருந்த தார்மிகத் தேய்மானம் ஒரேயடியாக வந்து விழுந்தது. நேற்று வரை விலைமதிக்க முடியாதிருந்த ஒஸ்ரின் இன்று வேலியோரத்தில் கோழி அடையும் இடமாயிற்று. ஆனால் பெறுமதி இழந்தது கார் மட்டுமன்று. அதனை ஓட்டுவித்த அறிவும் இழந்தது. தேய்ந்த பட்டையைச் சீராக்கத் தெரிந்தவனைவிடப் புதிய பட்டையை விற்கும் கடைக்காரன் பெரியவனானான். சமாதானத்தை வேண்டாதவர் எவருமில்லை. எனினும், அச்சமாதானம் சந்தையின் வடிவிலேயே வந்தது என்பதையும், அது முதலில் வேலையற்றவனாக்கியது தடைக்கால வாழ்வைத் தாங்கிய தொழிலாளியையே என்பதையும் குறிப்பிடாதுவிடல் நேர்மையன்று.

2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. இம்முறை ஓடியவை பெரும்பாலும் புதிய வாகனங்களே. 2009 சனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கு நோக்கி மக்கள் நகர்ந்தபோது உழவு இயந்திரப் பெட்டிகளும் லொறிகளும் அவர்களோடு நகர்ந்தன. மே மாதம் முள்ளிவாய்க்காலில் அவை எரிந்தும் கவிழ்ந்தும் கிடந்தன. யுத்தம் முடிந்தபின் வன்னியிற் பெருகிய வியாபாரங்களுள் பழைய இரும்பு வியாபாரமும் ஒன்று. வன்னியின் இரும்பு நிறைக்கு விலைபோய்த் தெற்கே சென்றது. மூன்று கார்களின் உறுப்புகளைச் சேர்த்து ஒன்றாக்கிய உழைப்புக்கு அத்தராசிலே நிறையில்லை. அதே வீதிகளில், தவணைக் கடனில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வழங்கும் நிதிக் கம்பனிகள் வந்து சேர்ந்தன. முன்னர் வாகனத்தைக் காப்பது திருத்துவோனின் கையில் இருந்தது. இப்போது தவணை தவறினால் பறிப்போனின் கையில் இருக்கின்றது.

2020 மார்ச்சில் நாடு முழுவதற்கும் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 பெப்ரவரியிலேயே மீளத் தொடங்கிற்று. 2022இல் எரிபொருள் வரிசைகள் கொழும்பிலும் நீண்டன. பழைய காரின் விலை ஏறுவதையும், உதிரிப்பாகத்துக்கு அலைவதையும் தெற்கின் மத்தியதர வர்க்கம் அப்போது முதன்முறையாக அறிந்தது போலப் பேசிற்று. 1990களின் வன்னி அவர்தம் பத்திரிகைகளில் ஓர் உவமையாகக்கூட வரவில்லை.

மண்ணெண்ணெய் எஞ்சினோ வன்னியை விட்டு நீங்கவில்லை. முல்லைத்தீவுக் கரையின் சிறு வள்ளங்களிலே பூட்டப்படும் வெளியிணைப்பு எஞ்சின்கள் இன்றும் பெற்றோலிற் கிளம்பி மண்ணெண்ணெயிலேயே ஓடுகின்றன. பிளக்கிற் கரியும் அதேவாறு படிகின்றது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் உயர்த்தப்பட்டபோது, கடலுக்குச் செல்லக் கட்டுப்படியாகாத மீனவர் வள்ளங்களைக் கரையில் இழுத்துவிட்டனர்.